மின்சாரம் நின்றால் திறக்கும் பூட்டு

க.பொ.த. உயர்தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு

பூட்டு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சாவியும் சாவித் துவாரமும்தான். ஆமைப்பூட்டாக இருந்தாலும், கதவுக்குள் பதித்த பூட்டாக இருந்தாலும், உள்ளே ஓர் உலோகத் துண்டு நகர்ந்து போய் இன்னோர் இடத்தில் மாட்டிக்கொள்கிறது. சாவி அதை மீண்டும் விடுவிக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் கையாண்டு வரும் முறை இதுவே. ஆனால் இன்று வங்கிகளின் உட்கதவுகளிலும், கணினி அறைகளிலும், பெரிய அலுவலகங்களிலும், மாடிக் குடியிருப்புகளின் வாசல்களிலும் சாவித் துவாரமே இல்லாத கதவுகளைக் காண்கிறோம். ஓர் அட்டையைக் காட்டினால் அல்லது விரலை வைத்தால் மெல்லிய ஓர் ஓசையுடன் கதவு விடுபடுகிறது. அண்ணாந்து பார்த்தால் நிலையின் மேற்பகுதியில் நீளமான ஓர் உலோகப் பெட்டி மட்டும் தெரியும். அதற்குள் தாழ்ப்பாள் எதுவும் இல்லை. அதுதான் மின்காந்தப் பூட்டு.

இந்தப் பூட்டில் ஒரு விசித்திரம் உண்டு. மின்சாரம் நின்றால் அது தானாகவே திறந்துவிடும். முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்கள் "அப்படியானால் அது என்ன பூட்டு?" என்று சிரிப்பார்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் குணம் தவறுதலாக வந்ததல்ல, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்காந்தம் கதவைப் பிடிப்பது எப்படி?

மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகில் திசைகாட்டியின் ஊசி திரும்புகிறது என்பதை 1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட் கண்டறிந்தார். சில ஆண்டுகளின் பின்னர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டேர்ஜன் என்பவர் வளைந்த இரும்புத் துண்டொன்றில் கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தார். ஏறத்தாழ 200 கிராம் நிறையுடைய அந்த இரும்பு, 4 கிலோகிராம் நிறையைத் தூக்கியது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் நிறை கீழே விழுந்தது. மின்காந்தம் பிறந்தது அப்படித்தான். மின்காந்தப் பூட்டின் முழு இரகசியமும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இருக்கிறது. ஓட்டம் இருந்தால் பிடிக்கும். ஓட்டம் நின்றால் விடும்.

பூட்டுக்கு இரண்டே பாகங்கள். நிலையில் பொருத்தப்படுவது மின்காந்தம். ஆங்கில எழுத்தான 'ஈ'யின் வடிவில் மென்னிரும்பு அகணியும், அதன் நடுக்காலைச் சுற்றி நூற்றுக்கணக்கான சுற்றுகள் கொண்ட செப்புக் கம்பிச் சுருளும் அதற்குள் இருக்கும். கதவில் பொருத்தப்படுவது ஒரு தட்டையான இரும்புத் தகடு. கதவு மூடியதும் தகடு அகணியின் முகத்தில் போய் ஒட்டுகிறது. அகணியில் தொடங்கும் காந்தப் பாயம் தகட்டுக்குள் புகுந்து மறுபடியும் அகணிக்கே திரும்பி வருகிறது. முழுப் பாதையும் இரும்பு வழியாக அமைவதால் கவர்ச்சி விசை மிக வலியதாகிறது.

எவ்வளவு வலியது? உயர்தர மாணவிகள் கணித்துப் பார்க்கலாம். காந்தப் பாய அடர்த்தியை வர்க்கித்து, அதனைப் பரப்பளவால் பெருக்கி, வெற்றிடத்தின் காந்த உட்புகவிடுதிறனின் இரு மடங்கால் வகுத்தால் கவர்ச்சி விசை கிடைக்கும். பாய அடர்த்தி 1 தெஸ்லா என்று கொண்டால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 40 நியூற்றன் வருகிறது. அதாவது சுமார் 4 கிலோகிராம் நிறையைத் தாங்கும் விசை. சந்தையில் பரவலாக விற்கப்படும் பூட்டுகளில் 600 இறாத்தல் தாங்குவது ஒரு வகை. அது 272 கிலோகிராம். நம் கணக்கின்படி இதற்குத் தேவைப்படும் காந்த முகத்தின் பரப்பு 68 சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கையை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். உள்ளங்கையளவு இரும்பு, 50 கிலோ அரிசி மூட்டைகள் ஐந்தைத் தொங்கவிடும் அளவுக்குக் கதவைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்குச் செலவாகும் மின்சாரமோ மிகக் குறைவு. இத்தகைய பூட்டு 12 வோல்ற்று நேரோட்டத்தில் ஏறத்தாழ அரை அம்பியரை எடுக்கும். அது 6 உவாற்று. இரவு பகலாக 30 நாட்கள் இயங்கினாலும் 4.3 அலகு மின்சாரம்தான் செலவாகும். கதவு அசையாமல் நிற்கையில் பூட்டு எந்த வேலையும் செய்வதில்லை. செலவாகும் சக்தி முழுவதும் சுருளின் தடையில் வெப்பமாக மாறுகிறது. பூட்டைத் தொட்டால் இளஞ்சூடாக இருப்பது இதனால்தான்.

ஆனால் இந்த விசைக்கு ஒரு நிபந்தனை உண்டு: தகடும் அகணியும் முகத்தோடு முகம் ஒட்டியிருக்க வேண்டும். இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பெரிய இரும்பு ஆணியில் காவலிட்ட மெல்லிய செப்புக் கம்பியை நூறு சுற்றுச் சுற்றி, ஓர் உலர்கலத்துடன் சிறிது நேரம் மட்டும் இணையுங்கள். (சுவரிலுள்ள மின்சாரத்துடன் ஒருபோதும் இணைக்கக் கூடாது.) ஆணி எத்தனை குண்டூசிகளைத் தூக்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஆணியின் முனையில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மறுபடியும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறையும். கடதாசியை இரண்டாக, நான்காக மடித்தால் இன்னும் குறையும். காந்தப் பாயம் இரும்பில் எளிதாகச் செல்வது போல் கடதாசியிலோ காற்றிலோ செல்வதில்லை. பாய அடர்த்தி பாதியானால் விசை நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே பூட்டின் முகத்தில் பெயின்ற் பூசுவதோ தூசியும் துருவும் படிய விடுவதோ பூட்டைப் பலவீனமாக்கும். கதவு சற்றுச் சரிந்திருந்தாலும் தகடு நேராக ஒட்ட வேண்டும் என்பதற்காக அதனை இறுக்கமாக முடுக்காமல், இறப்பர் வளையமொன்றை வைத்துச் சிறிது அசையும்படி பொருத்துவார்கள்.

இன்னும் இரண்டு நுட்பங்கள். முதலாவது, மென்னிரும்பு தன் காந்தத்தன்மையை விரைவில் இழந்துவிடும் என்றாலும் சிறிதளவு எஞ்சியிருக்கும். அதனால் ஓட்டம் நின்ற பிறகும் கதவு ஒட்டிக்கொண்டிருக்காதபடி, தகட்டில் ஒரு சிறு வில்முளையை வைத்துத் தள்ளிவிடச் செய்வார்கள். இரண்டாவது, சுருளின் ஓட்டத்தைத் திடீரென நிறுத்தும்போது தற்றூண்டல் காரணமாகப் பெரிய மின்னியக்க விசை எழும். அது ஆளியைப் பழுதாக்காதிருக்க ஓர் இருவாயியையோ அதுபோன்ற பாதுகாப்பையோ இணைப்பார்கள். தற்றூண்டல் பாடத்தில் நாம் வரையும் அதே சுற்றுதான்.

நம் புகையிரதப் பாதையில் உள்ள பூட்டு

மின்காந்தத்தால் இயங்கும் பூட்டு பண்டாரவளைக்குப் புதிதல்ல. 1894இல் பண்டாரவளையை வந்தடைந்து 1924இல் பதுளை வரை நீண்ட நமது மலையகப் புகையிரதப் பாதை ஒற்றைப் பாதையாகும். மேலே செல்லும் புகையிரதமும் கீழே வரும் புகையிரதமும் அதே தண்டவாளத்தில்தான் ஓட வேண்டும். அவை நேருக்கு நேர் மோதாமல் காப்பது எது?

புகையிரத நிலையத்தில் நிற்கும்போது சாரதியிடம் பெரிய வளையத்துடன் கூடிய ஒரு பையைக் கொடுப்பதையும், அவரிடமிருந்து அதே போன்ற இன்னொன்றை வாங்குவதையும் பலரும் பார்த்திருப்போம். அந்தப் பைக்குள் இருப்பது 'டெப்லட்' எனப்படும் வட்டத் தகடு. அடுத்த நிலையம் வரையான பாதைப் பகுதிக்குள் செல்வதற்கான அனுமதி அதுவே. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட ஒவ்வோர் இயந்திரம் இருக்கும். தகடுகள் அவற்றுக்குள் பூட்டப்பட்டிருக்கும். பண்டாரவளையிலிருந்து தியத்தலாவைக்கு ஒரு புகையிரதம் புறப்படப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் நிலைய அதிபர் நினைத்தால் மட்டும் தகட்டை எடுக்க முடியாது. மணி ஒலிச் சைகையால் அவர் கேட்க, மறுமுனையில் இருப்பவர் சம்மதித்துப் பொத்தானை அழுத்தினால்தான் அங்கிருந்து வரும் மின்னோட்டம் இயந்திரத்தின் மின்காந்தத்தை இயக்கித் தடையை விலக்கும். ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அதை மறுபடியும் ஏதேனும் ஓர் இயந்திரத்தில் இடும்வரை இரு முனைகளிலும் வேறு தகட்டை எடுக்க இயலாது.

இதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1874 செப்டெம்பர் 10ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் நொரிச் நகருக்கு அருகிலுள்ள தோர்ப்பில் ஒற்றைப் பாதையொன்றில் இரு புகையிரதங்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் உயிரிழந்தனர். தந்திச் செய்தியில் ஏற்பட்ட குழப்பமே காரணம். மனிதர்களின் நினைவையும் வார்த்தையையும் மட்டும் நம்ப முடியாது என்று உணர்ந்த எட்வேர்ட் டயர் என்ற பொறியியலாளர் இந்த இயந்திரத்தை உருவாக்கி 1878இல் காப்புரிமை பெற்றார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிலையத்து இயந்திரத்தில் மின்னோட்டம் வந்தால்தான் பூட்டு திறக்கும். கம்பி அறுந்தால், மின்கலம் தீர்ந்தால், பூட்டு பூட்டியபடியே இருக்கும். புகையிரதம் தாமதமாகும், பயணிகள் முணுமுணுப்பார்கள், ஆனால் யாரும் சாக மாட்டார்கள். கதவின் மின்காந்தப் பூட்டோ இதற்கு நேர் மாறானது. மின்னோட்டம் இருந்தால்தான் அது பூட்டியிருக்கும். இரண்டிலும் இருப்பது அதே மின்காந்தம். ஆனால் பழுது ஏற்படும்போது எந்த நிலை ஆபத்தற்றது என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் பதில் வேறு. பாதையில் ஆபத்தற்றது நிற்பது. தீப்பிடித்த கட்டிடத்தில் ஆபத்தற்றது வெளியேறுவது.

பூட்டிய கதவுகள் செய்தவை

1911 மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க் நகரில் ட்ரையாங்கிள் என்னும் ஆடைத் தொழிற்சாலையில் தீ பரவியது. வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் பிழைப்புக்காக வேறு நாடுகளிலிருந்து வந்த இளம் பெண்கள். என் வயதை ஒத்தவர்களும் அவர்களில் இருந்தனர்.

இது தூரதேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த இல்லமொன்றில் தீப்பிடித்தது. அவர்கள் ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டனர். கட்டியவர்கள் அவர்களைக் கொல்ல நினைத்துக் கட்டவில்லை, பாதுகாக்கத்தான் கட்டினார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பை நொடியில் அவிழ்க்க வழி இருக்கவில்லை.

இன்றைய மின்காந்தக் கதவுப் பூட்டும் இந்த அச்சத்திலிருந்துதான் பிறந்தது. கனடாவின் மொன்ட்ரியல் நகரில் 'போரம்' என்ற பெரிய விளையாட்டரங்கு இருந்தது. தீப்பிடித்தால் பூட்டிய கதவுகளுக்குள் மக்கள் சிக்கிக்கொள்வார்களே என்று நகர அதிகாரிகள் கவலைப்பட்டனர். அதற்கு விடையாக 1969இல் சபர்ஸ்டீன் என்பவர் மின்காந்தப் பூட்டை வடிவமைத்தார். ஓர் ஆளியைத் தட்டினால் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் விடுபடும். இருட்டில், புகையில், சாவிக் கொத்தில் எது எந்தக் கதவுக்கு உரியது என்று தேட வேண்டியதில்லை.

விடுதிக் கதவு

இந்த விடயத்தில் எனக்கு ஆர்வம் வந்ததற்கு என் மாமி மகளே காரணம். அவர் வேறொரு ஊரில் விடுதியொன்றில் தங்கிப் படிக்கிறார். அவர்களுடைய அறைகள் மேல்மாடியில். இரவு பத்து மணிக்குப் படிக்கட்டின் இரும்புக் கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டுவிடுவார்கள். "சாவி எங்க தாத்தா இருக்கும்?" என்று கேட்டேன். "மேட்ரன்ட தலகாணிக்குக் கீழ" என்றார், சிரித்துக்கொண்டே.

வீட்டில் இதைச் சொன்னபோது வாப்பா சிரிக்கவில்லை. "பொம்புளப் புள்ளைகள் இருக்கிற இடம். பூட்டாம வைக்க ஏலுமா?" என்றார். வாப்பா சொன்னது பிழையல்ல. வெளியாட்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. அந்தப் பயம் நீங்கினால்தான் நம்மில் பலரை வெளியூருக்குப் படிக்க அனுப்புவார்கள். ஆனால் அன்றிரவு நான் எண்ணிப் பார்த்தேன். மேட்ரனின் அறை கீழே. தீ கீழே பிடித்தால் சாவியும் கீழேதான் இருக்கும். அறுபது பிள்ளைகள் மேலே இருப்பார்கள்.

வெளியிலிருந்து வருகிறவரைத் தடுப்பதும் உள்ளிருந்து போகிறவரைத் தடுப்பதும் இரண்டு வேறு வேலைகள். ஆமைப்பூட்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. மின்காந்தப் பூட்டுக்கு அதைக் கற்றுக்கொடுக்கலாம். வெளிப்பக்கத்தில் அட்டையோ விரலடையாளமோ தேவை. உட்பக்கத்தில் ஒரு பொத்தான் போதும். யாரேனும் நள்ளிரவில் பொத்தானை அழுத்தினால் மேட்ரனின் அறையில் மணி அடிக்கும்படி செய்யலாம். எந்த நேரத்தில் கதவு திறந்தது என்பதும் பதிவாகும். பெற்றோர் கேட்கும் கண்காணிப்பு குறையாது. ஆனால் கதவு எவரையும் உள்ளே அடைத்து வைக்காது. இதை விளக்கியதும் வாப்பா சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கரண்ட் கட்டானா?" என்று கேட்டார். அதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன கேள்வி.

மின்வெட்டும் மின்கலவடுக்கும்

மின்வெட்டு ஏற்பட்ட ஒவ்வொரு முறையும் கதவு திறந்து கிடந்தால் விடுதிக்கும் கடைக்கும் அது ஏற்றதல்ல. அதனால் மின்வழங்கியுடன் ஒரு மின்கலவடுக்கை இணைப்பார்கள். 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி அளவுடைய சிறிய ஈய அமில மின்கலவடுக்கு அரை அம்பியர் பூட்டை, கணக்கின்படி 14 மணித்தியாலம் தாங்கும். நடைமுறையில் அதைவிடக் குறையும். பழைய மின்கலமானால் மேலும் குறையும். 2022இன் 13 மணித்தியால மின்வெட்டுக்கு அது மயிரிழையில் போதும் அல்லது போதாது. எனவே சற்றுப் பெரிய மின்கலவடுக்கு வைப்பதே நல்லது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மின்கலவடுக்கை வைத்தவுடன், மின்சாரம் நின்றால் திறக்கும் என்ற பாதுகாப்பை நாமே மறைத்துவிடுகிறோம். தீயினால் கட்டிடத்தின் மின்சாரம் நின்றுபோனாலும் மின்கலவடுக்கு கதவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே, தீ அறிவிப்பு மணி ஒலித்ததும் மின்கலவடுக்கிலிருந்து பூட்டுக்குச் செல்லும் ஓட்டமும் சேர்ந்தே துண்டிக்கப்பட வேண்டும். கதவின் அருகே உடைத்துத் திறக்கும் பச்சை நிறப் பெட்டியும் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியும் உட்பொத்தானும் கணினிக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பூட்டின் கம்பியையே நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கணினி செயலிழந்தாலும் கம்பியைத் துண்டித்தால் காந்தம் விட்டே தீரும்.

நன்மைகளும் குறைகளும்

மின்காந்தப் பூட்டில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு. அதனால் தேய்மானமும் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு. சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டியதில்லை. தொலைந்த அட்டையை மட்டும் நீக்கிவிடலாம். பல கதவுகளை ஓரிடத்திலிருந்து ஒரே நொடியில் திறக்கலாம். யார், எப்போது வந்தார் என்பதைப் பதியலாம். இவை நன்மைகள்.

குறைகளும் உள்ளன. இடைவிடாத மின்சாரம் தேவை. காந்தமும் கம்பிகளும் எப்போதும் பாதுகாக்கப்பட்ட உட்பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் கள்வன் கம்பியை வெட்டினாலே போதும். பூட்டு வலிமையாக இருந்தாலும் கதவும் நிலையும் உளுத்துப் போயிருந்தால் பயனில்லை. நகைக்கடையின் பெட்டகம், மருந்துக் களஞ்சியம் போன்ற இடங்களுக்கு, மின்சாரம் நின்றாலும் வெளிப்புறத்திலிருந்து திறக்க முடியாத வேறு வகை மின்பூட்டே பொருத்தமானது. அத்தகைய பூட்டிலும், உள்ளே ஆள் இருக்கும் அறையென்றால் உட்கைப்பிடியைத் திருப்பி வெளியேற வழி இருக்க வேண்டும்.

எல்லா இடத்துக்கும் மின்காந்தப் பூட்டு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயன் அறைகளில் தீ பரவிய செய்திகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். அங்கே தேவைப்படுவது விலையுயர்ந்த பூட்டல்ல. உள்ளிருந்து சாவியின்றித் திறக்கக் கூடிய ஒரு சாதாரணத் தாழ்ப்பாளும், பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகாத கவனமும்தான்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளையை விடுதியிலோ வகுப்பிலோ சேர்க்கும்போது சாப்பாட்டையும் குளியலறையையும் பார்க்கிறோம். அத்துடன் நான்கு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். இரவில் பிள்ளைகள் தூங்கும் இடத்திலிருந்து வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவியின்றித் திறக்க முடியுமா? அந்த வழி மறைக்கப்பட்டால் இரண்டாவது வழி உண்டா? மின்பூட்டானால், தீ மணி ஒலிக்கும்போது அது மின்கலவடுக்கோடு சேர்த்துத் துண்டிக்கப்படுகிறதா? அதைக் கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தார்கள்?

நான்காவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால், அப்போதே ஒரு முறை சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மின்காந்தப் பூட்டைச் சோதிக்க ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை.